கூகுள் விளம்பரத்தில் தர மதிப்பெண்: அந்தமான் சுற்றுலாத் தொழிலுக்கான செய்முறை

தர மதிப்பெண் என்பது கூகுள் ஆட்ஸ் கணக்கில் உள்ள தேடல் கீவேர்டு ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 10 வரை தரப்படும் எண். குவாலிட்டி ஸ்கோர் என்ற பெயரில் 2005-இல் அறிமுகமானது. அப்போது இந்தச் சேவைக்கு ஆட்வேர்ட்ஸ் என்று பெயர். 2018-இல்தான் அது கூகுள் ஆட்ஸ் ஆனது. ஒருவர் ஒரு சொல்லைத் தேடுகிறார். அவருக்குக் காட்டப்படும் விளம்பரமும், அதைத் தொட்டால் திறக்கும் பக்கமும் அவருக்கு எவ்வளவு உதவும் என்பதை, அதே கீவேர்டுக்கு விளம்பரம் செய்த மற்றவர்களோடு ஒப்பிட்டு இந்த எண் சொல்கிறது. ஒப்பீட்டுக்கு எடுத்துக்கொள்ளப்படுவது கடந்த 90 நாட்கள்.

எண்ணுக்குக் கீழே மூன்று கூறுகள் உள்ளன: எதிர்பார்க்கப்படும் கிளிக் விகிதம், விளம்பரப் பொருத்தம், லேண்டிங் பேஜ் அனுபவம். ஒவ்வொன்றும் சராசரிக்கு மேல், சராசரி, சராசரிக்குக் கீழ் என்ற மூன்று நிலைகளில் ஒன்றாகக் காட்டப்படும். வேலை செய்யும்போது கண் வைக்க வேண்டியது இந்த மூன்றின் மீதுதான். மொத்த எண் எங்கோ கோளாறு இருக்கிறது என்று மட்டுமே சொல்லும். கோளாறு எங்கே என்பதைக் கூறுகள் சொல்லும்.

அந்தமானில் தொழில் நடத்துபவர்களுக்கு இது கூடுதல் முக்கியம். போர்ட் பிளேர் டிராவல்ஸ்காரரின் வாடிக்கையாளர் சென்னையிலோ கொல்கத்தாவிலோ பெங்களூரிலோ இருக்கிறார். நடுவே ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் கடல். அவர் கடை வாசலைக் கடந்து போகப் போவதில்லை; தேடல் பெட்டியில்தான் முதல் சந்திப்பு. அதே பெட்டியில் நாடு முழுவதும் கிளை வைத்திருக்கும் பெரிய பயண நிறுவனங்களும் ஏலம் கேட்கின்றன. பணத்தால் அவற்றோடு போட்டியிட முடியாது. பொருத்தத்தால் முடியும்.

பணம் எப்படி மாறுகிறது

ஒவ்வொரு தேடலின் போதும் ஒரு ஏலம் நடக்கிறது. விளம்பரத்தின் இடத்தை ஆட் ரேங்க் என்ற மதிப்பு தீர்மானிக்கிறது. கேட்ட ஏலத் தொகை, அந்த நொடியில் கணக்கிடப்படும் விளம்பரத் தரம், குறைந்தபட்ச வரம்புகள், போட்டியின் கடுமை, தேடுபவர் இருக்கும் இடமும் சாதனமும் நேரமும், கூடுதல் இணைப்புகளின் தாக்கம் ஆகிய எல்லாம் அதற்குள் வரும். கணக்கில் தெரியும் 1–10 எண் நேரடியாக ஏலத்துக்குள் போவதில்லை என்பதைக் கூகுளே தெளிவாகச் சொல்லியிருக்கிறது. ஆனால் ஏலத்தில் கணக்கிடப்படும் தரமும் இந்த எண்ணும் ஒரே விஷயங்களைத்தான் அளக்கின்றன. எனவே ஒன்றைச் சரிசெய்தால் மற்றதும் சரியாகும்.

கணக்கை எளிமையாக்கி, கற்பனை எண்களை வைத்துப் பார்க்கலாம். ஹேவ்லாக்கில் இரண்டு ஸ்கூபா மையங்கள் ஒரே கீவேர்டுக்கு ஏலம் கேட்கின்றன. முதல் மையம் ஒரு கிளிக்குக்கு 40 ரூபாய் வரை தரத் தயார்; அதன் தரம் 4. இரண்டையும் பெருக்கினால் 160. இரண்டாவது மையம் தரத் தயாராக இருப்பது 25 ரூபாய்தான். அதன் தரம் 8. பெருக்கினால் 200. குறைவாகக் கேட்ட இரண்டாவது மையமே மேலே நிற்கும். அது கொடுக்க வேண்டியதும் முழு 25 ரூபாய் அல்ல; கீழே உள்ள 160-ஐத் தாண்டத் தேவையான தொகை மட்டுமே. 160-ஐ 8-ஆல் வகுத்தால் 20. அதற்குச் சற்றே மேல்.

முதல் மையம் தரத்தைத் தொடாமல் முந்த வேண்டுமானால் 50 ரூபாய்க்கு மேல் ஏலம் கேட்க வேண்டும். தரத்தை 7 ஆக உயர்த்தினால் 29 ரூபாய் அளவிலேயே முந்திவிடும். ஒரு நாளைக்கு 1,000 ரூபாய் செலவிடும் கடைக்கு, 50 ரூபாய் வீதம் 20 கிளிக் கிடைக்கும். 20 ரூபாய் வீதம் 50 கிளிக். நிஜ ஏலம் இவ்வளவு நேர்கோட்டில் நடக்காது என்றாலும் திசை இதுதான். தரம் மிகவும் தாழ்ந்தால் இன்னொன்றும் நடக்கும்: குறைந்தபட்ச வரம்பைத் தாண்ட முடியாமல், எவ்வளவு கேட்டாலும் விளம்பரம் காட்டப்படாமலே போகலாம்.

முதல் வேலை: மதிப்பெண்ணைப் படிப்பது

1. கூகுள் ஆட்ஸ் கணக்கில் கேம்பெய்ன் பகுதிக்குள் சென்று தேடல் கீவேர்டு பட்டியலைத் திறக்க வேண்டும்.
2. அட்டவணையின் மேலே உள்ள நெடுவரிசைக் குறியைத் தொட்டு, மாற்றியமைக்கும் பக்கத்தில் குவாலிட்டி ஸ்கோர் பிரிவைத் தேட வேண்டும்.
3. மொத்த எண், அதன் மூன்று கூறுகள், இவற்றின் பழைய நிலையைக் காட்டும் வரலாற்று நெடுவரிசைகள் எல்லாவற்றையும் சேர்க்க வேண்டும்.
4. செலவு, கிளிக், கன்வர்ஷன் ஆகிய நெடுவரிசைகளையும், தரவரிசைக் குறைவால் இழந்த காட்சிப் பங்கையும் பக்கத்தில் வைக்க வேண்டும்.
5. பட்டியலைச் செலவின் இறங்குவரிசையில் அடுக்க வேண்டும். மதிப்பெண்ணின் வரிசையில் அடுக்கக் கூடாது.
6. அன்றைய நிலையைக் கோப்பாக இறக்கித் தேதியிட்டு வைக்க வேண்டும்.

ஐந்தாவது படியைப் பலர் தவறவிடுகிறார்கள். 2 மதிப்பெண் உள்ள ஒரு கீவேர்டு மாதம் 40 ரூபாய் செலவழிக்கிறது, 5 மதிப்பெண் உள்ள இன்னொன்று 8,000 ரூபாய் செலவழிக்கிறது என்றால், முதலில் திருத்த வேண்டியது இரண்டாவதுதான். மதிப்பெண் 3 ஆக இருந்தும் முன்பதிவுகளைக் கொண்டுவரும் கீவேர்டை அழிப்பது கைக்கு வந்த தொழிலைத் தள்ளிவிடுவதாகும். இந்த எண் நோயைக் காட்டும் கருவி, எட்ட வேண்டிய இலக்கு அல்ல. கன்வர்ஷன் கணக்கீடு இன்னும் அமைக்கப்படவில்லை என்றால், அதாவது படிவம் நிரப்பியது, தொலைபேசி அழைப்பு, வாட்ஸ்அப் பொத்தான் தொட்டது எதுவும் பதிவாகவில்லை என்றால், இந்த அத்தியாயத்தின் மற்ற வேலைகளுக்கு முன் அதை முடிக்க வேண்டும்.

*குறிப்பு:* மதிப்பெண் இடத்தில் சிறு கோடு மட்டும் தெரிந்தால், போதிய தேடல்கள் இல்லை என்று பொருள். சிறு தீவு, சிறு தொழில், அரிய கீவேர்டு என்னும்போது இது அடிக்கடி நேரும். அதைத் தவறாக எண்ணத் தேவையில்லை. தரவு உள்ள கீவேர்டுகளில் தெரியும் போக்கை வைத்து, அவை இருக்கும் ஆட் குரூப் (ஒரே விளம்பரத்தைப் பகிரும் கீவேர்டுத் தொகுப்பு) முழுவதையும் திருத்தலாம்.

பெயர்களின் சிக்கல்

அந்தமானில் கீவேர்டு தேர்வின் முதல் தடை இடப்பெயர்கள். 2018 டிசம்பர் 30 அன்று ஹேவ்லாக் தீவுக்கு ஸ்வராஜ் த்வீப் என்றும், நீல் தீவுக்கு ஷஹீத் த்வீப் என்றும், ராஸ் தீவுக்கு நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் த்வீப் என்றும் பெயர் மாற்றப்பட்டது. 2024 செப்டம்பரில் போர்ட் பிளேருக்கு ஸ்ரீ விஜய புரம் என்ற பெயர் அறிவிக்கப்பட்டது. அரசு ஆவணங்கள் புதுப்பெயருக்கு மாறிவிட்டன. பயணிகளின் வாய் இன்னும் முழுதாக மாறவில்லை. எதைச் சேர்ப்பது என்று ஊகிக்க வேண்டியதில்லை. இரண்டையும் சேர்த்து, சில வாரங்கள் கழித்துத் தேடல் சொற்கள் அறிக்கையைப் பார்த்தால், மக்கள் உண்மையில் எதைத் தட்டச்சு செய்கிறார்கள் என்பது தெரிந்துவிடும். பழைய பெயருக்கு ஒரு விளம்பரம், புதிய பெயருக்கு ஒரு விளம்பரம் என்று பிரித்து, லேண்டிங் பேஜில் இரு பெயர்களையும் அருகருகே எழுதுவது நல்லது. ஹேவ்லாக் என்று தேடியவர் ஸ்வராஜ் த்வீப் என்று மட்டும் உள்ள பக்கத்தைத் திறந்தால், வேறு ஊருக்கு வந்துவிட்டதாக நினைத்துத் திரும்பிவிடுவார்.

இரண்டாவது தடை, ஒரே பெயரில் பல இடங்கள். கொழும்பில் ஹேவ்லாக் டவுன் உண்டு; சிங்கப்பூரில் ஹேவ்லாக் சாலை உண்டு. அந்தமான் கடல் என்று தேடுபவர் தாய்லாந்தின் புக்கெட்டையோ கிராபியையோ மனதில் வைத்திருக்கலாம். தமிழில் தேடுபவர்களில் சிலருக்கு வேண்டியது 1978-இல் வந்த ‘அந்தமான் காதலி’ படத்தின் பாடல்கள். இவர்கள் கண்ணில் டூர் பேக்கேஜ் விளம்பரம் பட்டால் தொடமாட்டார்கள். கிளிக் விகிதம் இறங்கும். தெரியாமல் தொட்டுவிட்டால் அது இன்னும் கேடு: பணமும் போகும், முன்பதிவும் வராது.

இதற்குத் தீர்வு விலக்குச் சொற்கள், அதாவது நெகட்டிவ் கீவேர்டுகள். தொடங்கும்போதே சேர்க்க வேண்டியவை:

- புக்கெட், கிராபி, லங்காவி, கொழும்பு, சிங்கப்பூர் போன்ற பிற ஊர்கள்
- பாடல், படம், சீரிஸ், பதிவிறக்கம்
- வேலைவாய்ப்பு, ஆள்சேர்ப்பு, தேர்வு முடிவு, நிர்வாகம்
- வரைபடம், வரலாறு, கட்டுரை, வினாவிடை
- கப்பல் டிக்கெட் விற்காத கடையானால் சென்னைக் கப்பல், கப்பல் கால அட்டவணை
- ஜாரவா, சென்டினல் ஆகிய பழங்குடிப் பெயர்கள் (காரணம் பின்னால் பாதுகாப்புப் பகுதியில்)

முதல் மாதம் வாரம் ஒருமுறையாவது தேடல் சொற்கள் அறிக்கையைப் பார்த்து இந்தப் பட்டியலை வளர்க்க வேண்டும்.

இதில் ஒரு நுணுக்கம் உண்டு. தர மதிப்பெண், கீவேர்டை அப்படியே தேடிய தேடல்களை வைத்துத்தான் கணக்கிடப்படுகிறது. அதனால் பிராட் மேட்சை (பரந்த பொருத்தம்) எக்ஸாக்ட் மேட்சாக (துல்லியப் பொருத்தம்) மாற்றினால் மட்டும் எண் உயராது. விலக்குச் சொற்களாலும் எண் உடனே துள்ளிக் குதிக்காது. ஆனால் வீண் செலவு நிற்கும், மிச்சப்படும் பணம் சரியான தேடல்களுக்குப் போகும். எண்ணைப் பாராமல் இதைச் செய்ய வேண்டிய காரணம் அதுவே.

நிக்கோபார் என்று தேடுபவர்கள்

யூனியன் பிரதேசத்தின் பெயர் அந்தமான் நிக்கோபார் என்பதால், அந்தமான் செல்ல நினைப்பவர்களும் நிக்கோபாரைச் சேர்த்தே தேடுகிறார்கள். ஆனால் நிக்கோபாரின் பழங்குடிக் காப்புப் பகுதிகளுக்குள் உரிய அனுமதிச் சீட்டு இல்லாமல் சுற்றுலாப் பயணிகள் செல்ல முடியாது. ஆகவே இந்த கீவேர்டை விலக்கவும் கூடாது, நிக்கோபார் சுற்றுலா என்று விளம்பரத்தில் எழுதவும் கூடாது. தனி ஆட் குரூப் அமைத்து, தலைப்பில் தேடிய அந்தமான் நிக்கோபார் என்ற பெயரையும், விளக்க வரியில் போர்ட் பிளேர், ஹேவ்லாக், நீல் பயணம் என்பதையும் எழுதலாம். பக்கத்தின் மேற்பகுதியிலேயே, இந்தப் பயணம் அந்தமான் தீவுகளுக்கு மட்டும் என்று ஒரு வரி இருக்க வேண்டும். கேட்டதற்கு நேர்மையான விடை கிடைத்தால், தேடியவர் பக்கத்தை மூடிவிட்டு ஓட மாட்டார்.

ஆட் குரூப்பைப் பிரிப்பது

விளம்பரப் பொருத்தம் சராசரிக்குக் கீழ் என்றால், காரணம் பெரும்பாலும் ஒன்றுதான்: நோக்கம் வேறான கீவேர்டுகள் ஒரே ஆட் குரூப்பில் அடைபட்டிருக்கின்றன. ஐந்து நாள் பேக்கேஜ், தேனிலவுப் பயணம், ஸ்கூபா, படகு டிக்கெட், ஸ்கூட்டர் வாடகை எல்லாவற்றுக்கும் ஒரே விளம்பரம் போனால் எதற்கும் அது பொருந்தாது.

1. எல்லாக் கீவேர்டுகளையும் ஒரு தாளில் எழுத வேண்டும்.
2. ஒவ்வொன்றின் பக்கத்திலும், தேடுபவர் அடுத்து என்ன செய்யப் போகிறார் என்று குறிக்க வேண்டும்: விடுமுறையைத் திட்டமிடுகிறார், விலை ஒப்பிடுகிறார், நாளைக் காலைக்கு இடம் பிடிக்கிறார்.
3. ஒரே விளம்பரமும் ஒரே பக்கமும் போதும் என்று தோன்றும் கீவேர்டுகளை மட்டும் ஒன்றாகச் சேர்க்க வேண்டும்.
4. தீவில் ஏற்கெனவே இறங்கிவிட்டவர்களுக்கான கீவேர்டுகளைத் தனிக் கேம்பெய்னாகப் பிரிக்க வேண்டும்.

நான்காவது படி அந்தமானுக்கே உரியது. ஹேவ்லாக்கில் அறையெடுத்துவிட்டு மாலையில் ஸ்கூபா தேடுபவரும், சென்னையில் இருந்துகொண்டு மூன்று மாதம் கழித்துச் செய்யப்போகும் பயணத்துக்கு ஸ்கூபா தேடுபவரும் ஒரே சொல்லைத்தான் எழுதுகிறார்கள். முன்னவருக்கு வேண்டியது நாளைக்கு இடம் இருக்கிறதா என்பதும் தொலைபேசி எண்ணும். பின்னவருக்கு வேண்டியது பாதுகாப்பு, நீச்சல் தெரியாதவர்கள் செய்யலாமா, என்ன விலை என்பவை. தீவில் இருப்பவர்களுக்கான கேம்பெய்னின் இட அமைப்பை, அந்த இடத்தில் இருப்பவர்கள் மட்டும் என்று வைக்க வேண்டும். இருப்பவர்களும் ஆர்வமுள்ளவர்களும் என்று இயல்பாக அமைந்திருப்பதை அப்படியே விட்டால், இரு கூட்டமும் மறுபடி கலந்துவிடும்.

விளம்பரத்தை எழுதுவது

இப்போது தேடல் விளம்பரத்தின் வழக்கமான வடிவம் ரெஸ்பான்சிவ் சர்ச் ஆட். 2022 ஜூன் மாத இறுதியோடு பழைய விரிவுபடுத்திய உரை விளம்பரங்களைப் புதிதாக உருவாக்குவது நிறுத்தப்பட்டது. 30 எழுத்து வரையிலான தலைப்பு வரிகள் 15, 90 எழுத்து வரையிலான விளக்க வரிகள் 4 வரை தரலாம். அவற்றைக் கூகுள் மாற்றி மாற்றிச் சேர்த்துக் காட்டும்.

1. மூன்று தலைப்புகளில் கீவேர்டின் சொல் அப்படியே இருக்க வேண்டும்.
2. மூன்று தலைப்புகளில் உறுதியான விவரம் வேண்டும்: விலை எங்கிருந்து தொடங்குகிறது, எத்தனை நாள், எந்தத் தீவுகள்.
3. இரண்டு தலைப்புகளில் உள்ளூர்க் கடை என்பதற்கான அடையாளம் வேண்டும்: போர்ட் பிளேரில் அலுவலகம், தமிழ் பேசும் வழிகாட்டி. இவை உண்மையாக இருந்தால் மட்டும்.
4. எந்த இரு தலைப்புகள் சேர்ந்து வந்தாலும் பொருள் முரண்படவில்லையா என்று வாசித்துப் பார்க்க வேண்டும்.
5. இணைப்பு வரிகள், அழைப்பு எண், முகவரி போன்ற கூடுதல் அம்சங்களைச் சேர்க்க வேண்டும். இவை மதிப்பெண் எண்ணை நேராக உயர்த்தாவிட்டாலும் ஆட் ரேங்கில் சேரும்.

விலையை விளம்பரத்திலேயே சொல்லிவிட்டால் கிளிக் குறையும் என்று அஞ்சுபவர்கள் உண்டு. கொஞ்சம் குறையலாம். ஆனால் குறைவது, விலை பார்த்ததும் திரும்பப் போகிறவர்களின் கிளிக்தான். அதற்குப் பணம் கொடுக்காமல் இருப்பதே மேல்.

*குறிப்பு:* விளம்பரத்தின் பக்கத்தில் தெரியும் ஆட் ஸ்ட்ரெங்த் வேறு, தர மதிப்பெண் வேறு. முன்னதை முழுமையாக்க அர்த்தமில்லாத தலைப்புகளை நிரப்பத் தேவையில்லை.

கீழ் வரிசையில் காட்டப்படுவதால்தான் கிளிக் குறைவு, அதனால்தான் மதிப்பெண்ணும் குறைவு என்ற வாதம் பாதி மட்டுமே சரி. எதிர்பார்க்கப்படும் கிளிக் விகிதத்தைக் கணக்கிடும்போது விளம்பரம் நின்ற இடத்தின் பாதிப்பு கழிக்கப்படுகிறது. ஆகவே மதிப்பெண்ணுக்காக ஏலத் தொகையை உயர்த்திப் பயனில்லை.

தமிழில் விளம்பரம்

2018 தொடக்கத்தில் கூகுளின் விளம்பரச் சேவை தமிழையும் ஏற்றுக்கொண்டது. தமிழ்நாட்டிலிருந்து வரும் குடும்பங்களையும் மூத்த பயணிகளையும் நம்பியிருக்கும் கடைகளுக்கு இது நல்ல வாய்ப்பு. தமிழ் எழுத்தில் தேடுபவர்களுக்கும், ஆங்கில எழுத்தில் தமிழைத் தட்டச்சு செய்பவர்களுக்கும், ஆங்கிலத்திலேயே தேடுபவர்களுக்கும் தனித்தனி ஆட் குரூப் வேண்டும். தமிழ்த் தேடலுக்குத் தமிழ் விளம்பரம், தமிழ் விளம்பரத்துக்குத் தமிழ்ப் பக்கம். தமிழ் விளம்பரத்தைத் தொட்டவருக்கு முழு ஆங்கிலப் பக்கம் திறந்தால் மூன்றாவது கூறு விழும்.

தலைப்பு வரியின் 30 எழுத்து வரம்பு தமிழில் எதிர்பார்ப்பதைவிடச் சீக்கிரம் தீர்ந்துவிடும். கண்ணால் எண்ணாமல், பெட்டியின் ஓரத்தில் தெரியும் எண்ணிக்கையைப் பார்த்து எழுத வேண்டும். ‘அந்தமான் 5 நாள் பயணம்’ போன்ற குறுகிய வரிகளே நிற்கும்.

லேண்டிங் பேஜ்

மூன்று கூறுகளில் அதிக உழைப்பு கேட்பதும், ஒருமுறை சரிசெய்தால் நீண்ட நாள் பலன் தருவதும் இதுதான். அந்தமான் கடைகளின் பக்கங்களில் மூன்று குறைகளைத் தேடிப் பார்க்க வேண்டும்.

முதலாவது, எல்லா விளம்பரத்தையும் முகப்புப் பக்கத்துக்கே அனுப்புவது. ஸ்கூபா தேடியவருக்கு ஸ்கூபா பக்கம் திறக்க வேண்டும். பாராடாங் சுண்ணாம்புக் குகைகளைத் தேடியவருக்கு அந்தப் பயணத்தின் பக்கம். இரண்டாவது, விலைப் பட்டியலையும் பயணத் திட்டத்தையும் போஸ்டர் படமாகவோ பிடிஎஃப் கோப்பாகவோ போட்டுவிடுவது. செல்பேசியில் அதைப் பெரிதாக்கிப் படிக்க வேண்டியிருக்கும்; தேடுபொறிக்கும் எழுத்தாகக் கிடைப்பது குறையும். எழுத்தில் உள்ளதை எழுத்தாகவே போட வேண்டும். மூன்றாவது, ராதாநகர் கடற்கரையின் பெரிய படங்களைச் சுருக்காமல் ஏற்றுவது. 2020-இல் நீலக்கொடிச் சான்று பெற்ற கடற்கரை அது. படம் போடத் தூண்டும்தான். ஆனால் ஒரே பக்கத்தில் கேமராவிலிருந்து வந்த படங்களை அப்படியே பத்து வைத்தால் பக்கம் திறப்பதற்குள் தேடியவர் போய்விடுவார்.

வேகத்தைச் சோதிக்கும் முறை:

1. கூகுளின் பேஜ்ஸ்பீடு இன்சைட்ஸ் கருவியில் பக்கத்தின் முகவரியைக் கொடுத்துச் செல்பேசிப் பிரிவின் முடிவைப் பார்க்க வேண்டும்.
2. பக்கத்தின் மிகப் பெரிய பகுதி தோன்ற எடுக்கும் நேரம் 2.5 விநாடிக்குள் இருந்தால் நல்லது என்பது கூகுள் வைத்திருக்கும் அளவு.
3. படங்களைச் சுருக்கி, வெப்பி வடிவில் மாற்றி, மேலே தெரியும் ஒரு படத்தைத் தவிர மற்றவற்றை உருட்டும்போது மட்டும் திறக்கும்படி அமைக்க வேண்டும்.
4. தானாக ஓடும் வீடியோ, மிதக்கும் அறிவிப்புகள், ஒன்றுக்கு மேற்பட்ட அரட்டைப் பெட்டிகள் ஆகியவற்றை நீக்க வேண்டும்.
5. சென்னையில் அல்லது வேறு நகரில் உள்ள ஒருவரைச் சாதாரணச் செல்பேசியில் திறந்து பார்க்கச் சொல்ல வேண்டும்.

ஐந்தாவது படிக்குக் காரணம் உண்டு. 2020 ஆகஸ்ட் 10 அன்று தொடங்கிவைக்கப்பட்ட ஏறத்தாழ 2,300 கிலோமீட்டர் நீளக் கடலடிக் கேபிள் சென்னையைப் போர்ட் பிளேரோடும், அங்கிருந்து ஹேவ்லாக், லிட்டில் அந்தமான், ரங்கத், லாங் தீவு, கார் நிக்கோபார், கமோர்ட்டா, கிரேட் நிக்கோபார் ஆகியவற்றோடும் இணைத்தது. அதற்கு முன் தீவுகள் செயற்கைக்கோள் இணைப்பையே நம்பியிருந்தன. இப்போது நிலைமை வெகுவாக மாறிவிட்டது. என்றாலும் ஒரு கடற்கரையோர ரிசார்ட்டின் வைஃபையில் பக்கம் திறக்கும் வேகம், சென்னைத் தேடுபவர் காணும் வேகத்துக்குச் சான்றாகாது. நேர் எதிரான நிலையும் உண்டு: தீவில் இருப்பவர்களைக் குறிவைக்கும் ஸ்கூட்டர் வாடகைப் பக்கத்தை ஹேவ்லாக்கில், செல்பேசி டேட்டாவில், வைஃபை அணைத்துவிட்டுத்தான் சோதிக்க வேண்டும்.

பக்கத்தில் இருக்க வேண்டிய விவரங்களிலும் தீவின் நடைமுறை தெரிய வேண்டும். வண்டூரிலிருந்து செல்லும் மகாத்மா காந்தி கடல் தேசியப் பூங்காவில் ஜாலி பாய் தீவும் ரெட் ஸ்கின் தீவும் பருவம் மாற்றிப் பயணிகளுக்குத் திறக்கப்படுகின்றன. ஆண்டு முழுதும் ஜாலி பாய் என்று பக்கத்தில் எழுதிவைத்தால் பயணி வந்தபின் சண்டைதான். படகு நேரம் காலநிலைக்கு ஏற்ப மாறும், கடல் விளையாட்டுகள் ரத்தாகலாம், ரத்தானால் பணம் எப்படித் திரும்பும் என்பவற்றை வெளிப்படையாக எழுத வேண்டும். தொலைபேசி எண், அலுவலக முகவரி, பதிவு விவரம் ஆகியவை தேடாமலே கண்ணில் பட வேண்டும். நம்பகத்தன்மையும் லேண்டிங் பேஜ் அனுபவத்தின் பகுதியே.

தொழில்நுட்பக் கோளாறு ஒன்று வெளியே தெரியாமல் மதிப்பெண்ணைக் கெடுக்கும். கூகுளின் விளம்பரச் சோதனை நிரலான ஆட்ஸ்பாட், பாதுகாப்புச் செருகு ஒன்றால் தடுக்கப்பட்டிருக்கலாம். பக்கம் நன்றாக இருந்தும் மதிப்பு தாழ்ந்தே நின்றால், தளத்தைப் பராமரிப்பவரிடம் முதலில் இதைச் சரிபார்க்கச் சொல்ல வேண்டும்.

மாற்றத்தின் வரிசையும் பொறுமையும்

ஒரே நாளில் கீவேர்டு, விளம்பரம், பக்கம் மூன்றையும் மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாது. முதலில் ஆட் குரூப் பிரிப்பு, அடுத்து விளம்பர உரை, பிறகு பக்கம் என்று போகலாம். லேண்டிங் பேஜ் மட்டும் சராசரிக்குக் கீழ் என்றால் அதிலிருந்தே தொடங்கலாம். ஒவ்வொரு மாற்றத்துக்கும் இரண்டு மூன்று வாரமாவது விட வேண்டும். தேடல் குறைந்த கீவேர்டுக்கு இன்னும் கூடுதலாக. மாற்றிய தேதியை எழுதிவைத்து, வரலாற்று நெடுவரிசையோடு ஒப்பிட வேண்டும்.

போட்டி நிறுவனத்தின் பெயரையே கீவேர்டாக வைத்தால் மதிப்பெண் உயராமல் இருப்பது இயல்பு. தேடியவருக்கு வேண்டியது அந்த நிறுவனம்தான். அதில் பணத்தைக் கொட்டுவது சிறு கடைகளுக்கு ஏற்றதல்ல.

பாதுகாப்பு

- கணக்கின் நிர்வாகி உரிமை கடை உரிமையாளரிடமே இருக்க வேண்டும். ஏஜென்சிக்குத் தனி அனுமதி கொடுக்கலாம். கடவுச்சொல்லைக் கொடுக்கக் கூடாது. இரு கட்டச் சரிபார்ப்பு கட்டாயம்.
- எல்லாக் கீவேர்டுக்கும் பத்துக்குப் பத்து வாங்கித் தருவதாகச் சொல்லி அழைப்பவரை நம்பக் கூடாது. அப்படி உறுதி தர யாராலும் முடியாது.
- சொந்த விளம்பரத்தைத் தேடித் தொட்டுப் பார்ப்பது பண விரயம். கணக்கிலேயே உள்ள விளம்பர முன்னோட்டக் கருவியில் பார்க்கலாம்.
- ஒரே நாளில் தினசரி பட்ஜெட்டின் இரு மடங்கு வரை செலவாகலாம். மாத அளவில் அது 30.4 நாள் கணக்கைத் தாண்டாது. இதோடு ஜிஎஸ்டியையும் சேர்த்துத் திட்டமிட வேண்டும்.
- தனியார் படகு நிறுவனங்களின் வணிகப் பெயரை விளம்பர உரையில் தம் பெயர்போலப் பயன்படுத்தக் கூடாது. அரசு டிக்கெட் அலுவலகம் என்ற தோற்றத்தையும் தரக் கூடாது. கணக்கே முடக்கப்படலாம்.

பழங்குடி மக்களைக் காட்சிப்பொருளாக்கும் எந்தச் சொல்லும் கீவேர்டிலோ விளம்பரத்திலோ பக்கத்திலோ வரக் கூடாது. பாராடாங் செல்லும் அந்தமான் டிரங்க் சாலை ஜாரவா காப்புப் பகுதியின் வழியே போகிறது. ஜிர்காடாங் சோதனைச் சாவடியிலிருந்து வாகனங்கள் கூட்டமாகவே அனுப்பப்படுகின்றன. வழியில் நிறுத்துவதும் படமெடுப்பதும் தடை. 1956-ஆம் ஆண்டின் பழங்குடியினர் பாதுகாப்புச் சட்டவிதி அந்த மக்களைக் காக்கிறது. அந்தச் சொற்களில் தேடல் இருக்கிறது, கிளிக் மலிவாகக் கிடைக்கும் என்பதெல்லாம் காரணமே ஆகாது. விலக்குச் சொற்களில் அவற்றை முதல் நாளே சேர்ப்பதுதான் முறை.

மழைக்காலமும் மதிப்பெண்ணும்

சுற்றுலாப் பருவம் அக்டோபரில் தொடங்கி மே வரை நீளும். கூட்டத்தின் உச்சம் டிசம்பர், ஜனவரி. தென்மேற்குப் பருவமழை வந்ததும் தேடலும் முன்பதிவும் இறங்கும். அப்போது கேம்பெய்னை நிறுத்திவைத்தால் மதிப்பெண் கெட்டுவிடும் என்று பயந்து வீணாகச் செலவழிப்பவர்கள் இருக்கிறார்கள். நிறுத்திவைப்பது தண்டனையைக் கொண்டுவராது. காட்சிகள் நின்றதால் எண் இருந்த இடத்தில் கோடு தோன்றலாம். தேடல் திரும்பும்போது எண்ணும் திரும்பும்.

டிசம்பரில் எந்த மாற்றமும் செய்யாமலே ஒரு கூறு சராசரிக்குக் கீழே இறங்கினால், பெரிய நிறுவனங்கள் புதிய விளம்பரங்களோடு ஏலத்துக்குள் வந்திருக்கக்கூடும். ஒப்பீடு மற்றவர்களோடுதான் என்பதால் அளவுகோலே உயர்ந்திருக்கும். முந்தைய ஆண்டு அதே மாதத்தின் கோப்போடு ஒப்பிட்டபின்தான் விளம்பரத்தில் கைவைக்க வேண்டும்.

நிறுத்திய கேம்பெய்னை மீண்டும் தொடங்கும் வரிசை:

1. செப்டம்பரில் எல்லா லேண்டிங் பேஜையும் திறந்து, பழைய விலை, பழைய படகு நேரம், சென்ற ஆண்டின் சலுகைத் தேதி ஆகியவற்றை நீக்க வேண்டும்.
2. விளம்பரத்தில் சொன்ன விலையும் பக்கத்தில் உள்ள விலையும் ஒன்றுதானா என்று வரிவரியாகப் பார்க்க வேண்டும்.
3. அழைப்பு எண் இயங்குகிறதா, யார் எடுக்கிறார் என்று வெளி எண்ணிலிருந்து சோதிக்க வேண்டும்.
4. சென்ற பருவத்தில் முன்பதிவு தந்த ஆட் குரூப்களை மட்டும், சிறு பட்ஜெட்டில், அக்டோபர் தேடல் ஏறுவதற்கு முன் ஓட விட வேண்டும்.
5. மூன்று கூறுகளும் மீண்டும் தெரியத் தொடங்கியபின், சராசரிக்குக் கீழ் உள்ளவற்றைத் திருத்திவிட்டு, தீபாவளி விடுமுறைக்கு முன் பட்ஜெட்டைக் கூட்டலாம்.